செந்துறை வரைக்கும் சூடு

இந்தக் கதை நான் கண்ணால் பார்த்ததல்ல. செந்துறையிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்த கண்ணையன் அண்ணன் சொன்னது. அவருக்குச் சொன்னது கதையில் வரும் அறிவரசன். இரண்டு பேருக்கும் ஒரே ஆலையில் வேலை. ஆக, என்னிடம் வந்து சேர்வதற்குள் கதை இரண்டு வாய் கடந்துவிட்டது. நான் எதையும் கூட்டவில்லை. கண்ணையன் அண்ணன் கூட்டியிருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. ஒரே ஓர் இடம் மட்டும் எனக்கு உறுத்தியது. அதைப் பிறகு நானே போய்ச் சரிபார்த்தேன்.

அறிவரசனுக்கு வீடு பெரம்பலூரில். வேலை அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில். லாரி ஏறும். எடை பார்ப்பான். சீட்டுக் கிழிப்பான். லாரி போய்விடும். கோயம்புத்தூர், கொச்சி, மங்களூர் என்று லாரிகள் ஊர் ஊராகப் போகும். அறிவரசன் மட்டும் அதே நாற்காலியில் இருப்பான். ஆனால் கால் இருக்காது. ஆடிக்கொண்டே கிடக்கும். "இந்தாளு கால் ஆடுற ஆட்டத்துல நம்ம லோடு கூடக்கொறையக் காட்டிடும்யா" என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்ட கால் ஒரு நாள் பழைய டூரிங் பைக் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் ஊன்றியது. முன்னால் கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு பெட்டி, மீட்டரில் கலர் கலராகக் கோடுகள். தெருமுனையில் திருப்புவதற்குள் பின்னால் பால் வண்டி, பள்ளிக்கூட வேன் எல்லாம் வரிசை கட்டிவிடும். அந்த வண்டியில் எல்லாமே பெரிசு. சூடும் பெரிசு. கூட்டத்தில் கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும், இஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கும். அனல் நேராக வந்து ஓட்டுபவனின் முழங்காலுக்குக் கீழே அடிக்கும். ஒரே மாதத்தில் அறிவரசனின் கால் முடியெல்லாம் கருகி, குழந்தைக் காலாகிவிட்டது.

அவன் அதைப் பொறுத்துக்கொண்டான். காரணம், 'சோழமண்டலப் புயல்கள்'. பெரிய வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம். தலைவர் முத்தமிழ்செல்வன், பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். புயல்கள் அதுவரை கடந்த அதிகபட்ச தூரம் திருச்சி. அதுவும் பிரியாணிக்காக. இந்த வருடம் வைகாசி தொடக்கத்தில் வால்பாறை என்று முடிவாகியிருந்தது. மலை, வளைவு, குளிர், ஆம்பளைங்க மட்டும்.

பங்குனி மாதம் ஒரு சாயங்காலம், அறிவரசன் விஷயத்தைத் தன் மனைவி வெற்றிச்செல்வியிடம் அவிழ்த்தான். அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"செல்வி, பசங்கல்லாம் வால்பாறை போறாங்க."

"பசங்கன்னா யாரு?"

"முத்தமிழ்செல்வன், அப்புறம்..."

"முத்தமிழ்செல்வன் அண்ணனுக்குப் பொண்ணு காலேஜ் போவுது. பசங்களாம்."

"சரி, ஆளுங்க. நானும் போயிட்டு வரேன்."

"போயிட்டு வாங்க. நான் என்னா வேணாம்னா சொன்னேன்?"

அறிவரசன் உஷாரானான். வேணாம் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். போங்க என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒண்ணே ஒண்ணுங்க," என்றாள் வெற்றிச்செல்வி. "வண்டி வாங்கறப்ப என்னா சொன்னீங்க?"

"என்னா சொன்னேன்?"

"ஞாயித்துக்கெழமன்னா உன்ன உங்கம்மா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன், பஸ்ஸுக்கு நிக்க வேணாம்னீங்க. ஒரே தடவ கூட்டிட்டுப் போனீங்க. சூட்டுல காலு வெந்துபோச்சு. அப்புறம் நீங்களும் கூப்புடல, நானும் கேக்கல."

"பெரிய வண்டின்னா சூடு இருக்கும் செல்வி."

"அதத்தான் கொறைங்கங்கறேன். காலு சுடாம செந்துறையில கொண்டுபோயி எறக்குங்க. அன்னைக்கே வால்பாறைக்கு நானே பை கட்டித் தரேன்."

"நீ தெனம் எவ்ளோ பெரிய அண்டாவ எறக்கி வெக்கற. இந்தச் சூடு தாங்காதா?"

"அது கண்ணுக்குத் தெரியற சூடு. தள்ளி நின்னுக்கலாம். ஓடுற வண்டியில எங்கங்க தள்ளி நிக்கறது?"

நியாயமாகத்தான் பட்டது. மேலும், அவன் காலே வெந்துகொண்டிருக்கும்போது அவள் கால் வேகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? சூட்டைக் குறைப்பது ஒரு வாரத்து வேலை என்று அறிவரசன் நினைத்தான். கையில் போன் இருந்தது. போனில் வீடியோ இருந்தது. வீடியோவில் எல்லாருக்கும் ஒரு வாரத்தில் குறைந்திருந்தது.

செந்துறைக்கு அவன் அடிக்கடி போகாததற்குக் காரணம் உண்டு. மாமியார் வீரம்மாள் அங்கே தனியாக இருக்கிறார். மச்சான் திருப்பூரில். வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. மாமியார் நல்லவர்தான். ஆனால் வந்த மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்கு மனசு கேட்காது. எதையாவது தூக்கச் சொல்வார்.

முதல் வைத்தியம், ரேடியேட்டரைக் கழுவுவது. வீடியோவில் வந்தவர் தெளிவாகச் சொன்னார்: ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தால் காற்றுப் போகாது, சூடு ஏறும், தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். குனிந்து பார்த்தான். அடைத்துத்தான் இருந்தது. ஹோஸ் பைப்பை வைத்து அடித்தான். வெயிலில் நிறுத்திவிட்டுத் தூங்கப்போனான்.

வீடியோக்காரர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. அவர் ஊர்த் தூசி வெறும் தூசியாக இருந்திருக்கும். அறிவரசனின் வண்டி நாள் முழுக்க நின்றது சிமெண்ட் ஆலையில். எழுந்து வந்து பார்த்தபோது ரேடியேட்டர் பூசி முடித்த சுவர் மாதிரி இருந்தது.

"என்னாங்க இது, வண்டிக்கும் கிரகப்பிரவேசமா?" என்றாள் வெற்றிச்செல்வி.

பழைய பல் பிரஷ், ஊக்கு, தீக்குச்சி எல்லாம் வைத்துச் சுரண்டினான். தகடு தகடாகச் சுரண்டினான். அடுத்த ஞாயிறு வரை அதுதான் வேலை. முழுதாக வரவில்லை. இருந்தாலும் சோதனை ஓட்டம் நடந்தது. அவள் குளித்து, சேலை மாற்றி, பூ வைத்து, அம்மாவுக்கு ஒரு தூக்குவாளியில் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

"சோதனைக்கு எதுக்குக் குழம்பு?"

"சோதனை செந்துறை வரைக்கும்தான? அங்க போயி எங்கம்மா கிட்ட வெறுங்கையோட சோதனைன்னா சொல்லுவேன்?"

அரியலூரைத் தாண்டுவதற்குள் சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் அணிவகுத்துவிட்டன. மீட்டரில் வெப்பக் கோடு ஒவ்வொன்றாக ஏறியது. அறிவரசன் கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் கால் அடுப்பில் வைத்த கத்தரிக்காய் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"சூடு தெரியுதா செல்வி?"

"தெரியுதாவா. இப்பவே ஒரு ஒல வெக்கலாம்."

செந்துறையில் இறங்கியதும் வீரம்மாள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"வாங்க மாப்ள. மழ வரப்போவுதா என்னா, நீங்க வந்துருக்கீங்க?"

"சும்மா வண்டிய சோதன பண்ணலாம்னு அத்த."

"நல்லா பண்ணுங்க. கொட்ட எறங்கற நேரம். ஆளே கெடைக்கல. வண்டி ஆறட்டும், வாங்க தோப்புக்கு."

வண்டி ஆறியது. அறிவரசன் ஆறவில்லை. உதிர்ந்து கிடக்கும் முந்திரிப்பழங்களைப் பொறுக்கி, பழத்தைப் பிடித்துக் கொட்டையைத் திருகி எடுக்க வேண்டும். பழச்சாறு பட்டால் சட்டையில் கறை போகாது. அன்றைக்கு அவன் போட்டிருந்தது புயல்கள் சங்கத்தின் புது டீ ஷர்ட்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பலாம் என்றான்.

"எப்டிங்க கெளம்பறது?" என்றாள் வெற்றிச்செல்வி. "வரும்போது எம்புட்டு சூடுன்னு பாத்தாச்சு. திரும்பும்போதும் பாத்தாத்தான ஞாயமான சோதன? இப்ப உச்சி வெயிலு. வெயிலு சூட்டயும் வண்டி சூட்டயும் எப்டிப் பிரிச்சுச் சொல்றது? பொழுது சாயட்டும்."

பொழுது சாயும்வரை கொட்டை திருகினான்.

அடுத்த வாரம் இஞ்சின் ஆயிலை மாற்றினான். நல்ல ஆயில், மெக்கானிக் கடையில் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் மூடியைத் திறந்தார்கள். ஞாயிறு செந்துறை. முடிவு: "கொஞ்சம் தேவல. ஆனா கணுக்காலுகிட்ட இன்னும் எரியுது." தோப்பு.

அதற்கடுத்த வாரம் கூலன்ட், ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். கடையில் பச்சைக் கலர் ஒன்றும் சிவப்புக் கலர் ஒன்றும் இருந்தன. பச்சைதான் குளிர்ச்சி என்று அறிவரசன் தானாகவே முடிவுசெய்து பச்சையை ஊற்றினான். ஞாயிறு செந்துறை. முடிவு: "அனலு அடங்கிருக்கு. சுள்ளுன்னு மட்டும் இருக்கு." தோப்பு.

இதற்கிடையில் புயல்கள் தலைவர் தினமும் போன் செய்தார்.

"அறிவு, வர்றியா இல்லியாப்பா? ரூம் போடணும்."

"வரேண்ணே. சூடு மட்டும் கொறைஞ்சா வந்துருவேன்."

"யாருக்குச் சூடு?"

"வூட்ல."

"அப்ப கஷ்டந்தான்" என்று போனை வைத்துவிட்டார்.

அறிவரசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எடைமேடையில் கால் முன்னைவிட வேகமாக ஆடியது. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. சித்திரை வந்துவிட்டது. இன்னும் சில ஞாயிறுகள்தான் கையில் இருந்தன. அவன் பெரிய வைத்தியத்தில் இறங்கினான். புகைக்குழாயைச் சுற்றிக் கட்டுவதற்கென்றே ஒரு நாடா வருகிறது, சூட்டை வெளியே விடாது. வாங்கி, அடிபட்டவனுக்குக் கட்டுப்போடுவது போல் சுற்றினான்.

புது நாடா முதல் தடவை சூடானால் புகையும். அது வீடியோவின் கடைசியில் வருகிறது. அறிவரசன் எந்த வீடியோவையும் கடைசிவரை பார்த்தவனில்லை. அரியலூர் கடைத்தெருவில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வண்டி குப்பென்று புகைந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் வேறெதையும் யோசிக்கவில்லை. டம்ளர் கழுவும் வாளியைத் தூக்கி அப்படியே ஊற்றினார். பாதி வண்டி மேல், மீதி அறிவரசன் மேல். டீத்தூள் உட்பட.

வெற்றிச்செல்வி அதற்குள் இறங்கி, தூக்குவாளியோடு எதிர்ப்புறம் நின்றிருந்தாள். சேலையில் ஒரு சொட்டு இல்லை.

"இப்ப எப்டி இருக்கு செல்வி?" என்றான் அவன், டீ சொட்ட.

"இப்ப குளுமையாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் இப்டியே பண்ண முடியாதுங்களே."

கடைசியாகத் தடுப்புத் தகடு. அனல் காற்றைக் காலுக்கு வராமல் வெளிப்பக்கம் திருப்பிவிட ஒரு தகடு வேண்டும். கடையில் விற்பது இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. அலுமினியம் என்றால் நல்லது. லேசான வளைவு இருந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒரு பொருள் வீட்டிலேயே இருந்தது.

"என்னாங்க, இட்லிப்பானை மூடியக் காணும்?"

"தெரியலயே."

"நான் தேடல. வண்டியிலதான் தெரியுதே. பாதி வெட்டிட்டீங்க போலருக்கு. மீதிய எடுத்து வையுங்க, தோசையத் திருப்பவாவது ஆவும்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூடி வேலை செய்தது. சுரண்டிச் சுரண்டி ரேடியேட்டரும் திறந்துகொண்டிருந்தது. ஆயில், கூலன்ட், நாடா, மூடி எல்லாம் சேர்ந்து, சித்திரை வெயிலிலும் மீட்டரின் வெப்பக் கோடு பாதியைத் தாண்டவில்லை. அறிவரசனின் கால் சுடவில்லை. முதல் முறையாகக் காலில் காற்றுப் பட்டது. அன்று அரியலூர் தாண்டியதும் அவன் பாடவே ஆரம்பித்துவிட்டான்.

"இப்ப சொல்லு செல்வி. இருக்கா சூடு?"

"கொஞ்சூண்டு."

"எனக்கு இல்லியே."

"நீங்க தடிசா பேன்ட் போட்டு, ஷூ போட்டு உக்காந்துருக்கீங்க. என்னுது வெறுங்காலு."

"அதுக்கில்ல, பாதிக்கு மேல கோடே ஏறலியே."

"கோடு ஏறலன்னா கோட்டுக்கு சுடல. எனக்கு சுடுது."

செந்துறையில் இறங்கியதும் அவள் இன்னொன்றும் சொன்னாள். வால்பாறைக்குப் போகும்போது பெட்டி, பை எல்லாம் கட்டுவார்கள். மலை ஏறும். பாரம் ஏற்றினால்தானே இஞ்சினின் உண்மையான சூடு தெரியும்? அன்றைக்குத் திரும்பும்போது வண்டியின் இரண்டு பெட்டியிலும் பலாச்சுளை, முருங்கைக்காய், நல்லெண்ணெய், மாமியார் இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள். வெற்றிச்செல்வியின் மடியில் அரிசி. பெரம்பலூர் வந்ததும் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாரம் ஏத்துனா லேசா சுடுதுங்க. அடுத்த வாரமும் ஏத்திப் பாக்கலாம்."

வைகாசி பிறந்தது. முத்தமிழ்செல்வன் ரூம் போட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிறு அறிவரசன் விடிவதற்கு முன்பே எழுந்து வண்டியைத் துடைத்தான். மூடியின் திருகுகளை இறுக்கினான். போகும் வழியில் பேசவில்லை. பாடவில்லை. லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்தான். செந்துறையில் நிறுத்தி, திரும்பாமலே கேட்டான்.

"செல்வி."

"சொல்லுங்க."

"சூடு?"

"இல்லீங்க."

அவன் திரும்பினான்.

"கொஞ்சூண்டு கூடவா?"

"ஒரு பொட்டு கூட இல்ல. பாயில உக்காந்து வந்த மாதிரி இருந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன்."

அறிவரசன் வண்டியை விட்டு இறங்கினான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான், நடுத்தெருவில். முற்றத்தில் சாக்குகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த வீரம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க மாப்ள. இன்னைக்குத் தோப்புக்குப் போவ வேணாம். கொட்ட முடிஞ்சுபோச்சு. நீங்க மட்டும் வாராவாரம் வரலன்னா பாதி அணிலுக்குத்தான் போயிருக்கும். கோழி அடிச்சுருக்கேன், உக்காருங்க."

கோழிக்குழம்பு அன்றைக்கு அமிர்தமாக இருந்தது. மூன்றாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போது அறிவரசன் பேச்சை எடுத்தான்.

"அப்ப செல்வி, நீ சொன்னபடி பை..."

"கட்டிட்டேங்க. நேத்தே கட்டி வெச்சுட்டேன். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

சோறு பாதியில் நின்றது.

"ஒனக்கு எதுக்கு?"

"வால்பாறைக்குத்தாங்க. பள்ளிக்கூடம் லீவுதான? சூடு இருந்த வரைக்கும் நான் எங்கயும் ஆசப்படல. இப்பதான் பாயில உக்காந்த மாதிரி ஆக்கிட்டீங்களே. எவ்ளோ தூரம்னாலும் வரலாம். எங்க வூட்டுக்காரரு எனக்காவ ரெண்டு மாசமா ஒழச்சுச் சூட்டக் கொறச்சுக் குடுத்தாருன்னு முத்தமிழ்செல்வன் அண்ணன் சம்சாரம் தேவயானியக்கா கிட்ட கூட சொன்னேன்."

"அண்ணி கிட்டயா? எப்ப?"

"நேத்து. அழுதுடுச்சுங்க, பாவம். அவங்க வண்டியும் சுடுதாம். அண்ணன் ஒரு தடவ கூட அதப்பத்திக் கேட்டதில்லியாம்."

அறிவரசன் மறுத்துப் பேச வாய் திறந்தான். எதை வைத்து மறுப்பது? சூடாக இருக்கும், வராதே என்று சொல்ல வேண்டும். சூடு இல்லை என்று நிரூபிக்கத்தான் இவ்வளவு நாள் பாடுபட்டான்.

"சாப்புடுங்க மாப்ள," என்றார் வீரம்மாள். "ஆறிடப்போவுது."

அன்றைக்குச் சாயங்காலமே முத்தமிழ்செல்வன் போன் செய்தார். குரலில் புயல் எதுவும் இல்லை.

"என்னா அறிவு இப்டிப் பண்ணிட்ட?"

"நான் என்னாண்ணே பண்ணேன்?"

"எல்லா வூட்லயும் கெளம்பிட்டாங்கப்பா. ஆனா வண்டியில முடியாதாம். நம்ம வண்டில்லாம் சுடுதாம், ஒன்னுது மாதிரி இல்லியாம். நான் எல்லாருக்கும் சேத்து வேன் பேசிட்டேன். ஏசி வேணும்னு கேட்டாங்க. பேசிட்டேன்."

சோழமண்டலப் புயல்கள் அப்படியாக வேனில் வால்பாறை சென்றன. அறிவரசன் கடைசி சீட்டில், ஊறுகாய் டப்பாவுக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவன் வலது கை தானாக முறுக்கிக்கொண்டது என்று கண்ணையன் அண்ணன் நடித்துக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது. அவர்கள் திரும்பும்வரை அந்தப் பெரிய வண்டி பெரம்பலூரில், வீட்டு வாசலில், சில்லென்று நின்றது.

அரியலூர் வந்தது. கண்ணையன் அண்ணன் இறங்கிப்போய்விட்டார். எனக்கு மட்டும் ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. வெற்றிச்செல்வி அன்றாடம் கொதிக்கும் அண்டாவை இறக்குபவள். அவ்வளவு வைத்தியத்துக்குப் பிறகும், ஓட்டுபவனுக்கே சுடாத வண்டி அவளுக்கு எப்படிச் சுட்டது? நான் கேட்கவில்லை. கேட்டால் கதையைச் சந்தேகப்படுவதாக அவர் நினைத்துக்கொள்வார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அரியலூர் கடைத்தெருவில் அந்த வண்டியைப் பார்த்தேன். அந்த வண்டிதான், சந்தேகமே வேண்டாம். பாதி இட்லிப்பானை மூடி மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து, நாடா சுற்றிய புகைக்குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடைசிவரை பார்த்தேன். அதற்குள் அவர்கள் இருவரும் கடையிலிருந்து வந்துவிட்டார்கள். நான் தள்ளி நின்றுகொண்டேன். அறிவரசன் ஏறியதும் மீட்டரைப் பார்த்தான். வெற்றிச்செல்வி சேலையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறினாள். வண்டி செந்துறை ரோட்டில் திரும்பியது.

புகைக்குழாய் முழுக்க வண்டியின் வலப்பக்கம். அவள் இரண்டு காலையும் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது இடப்பக்கம்.